மேஜர் மேல போட்ட பழி

உக்காருங்க அக்கா, எடம் இருக்கு. இந்தப் பைய மட்டும் இடிச்சிடாதீங்க, உள்ள உசுரு இருக்கு. பாம்பு கீம்பு இல்ல, மீன்தான். இந்தா பாருங்க. ஒடம்பு நீலம், ஓரத்துல செவப்பு. ஃபைட்டர்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல இதுக்கு மேஜர்னு பேரு. கவர்ல பாதிதான் தண்ணி, மீதி காத்து. மேல வந்து காத்தக் குடிச்சுட்டுப் போகும், ஒண்ணும் ஆகாதுன்னு வீட்ல பொண்ணு சொல்லித்தான் குடுத்தா. இருந்தாலும் நான் நிமிஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டேதான் வர்றேன்.

கொளத்தூருக்குத்தான் அக்கா, மீன் கடைக்கு. வாங்கறதுக்கு இல்ல, திருப்பிக் குடுக்கறதுக்கு. இது கொலை பண்ணிருச்சாம். எங்க தொட்டியில இருந்த எறாவையெல்லாம் கொன்னுடுச்சாம்.

பண்ணிருச்சாம்னுதான் சொல்றேன். பண்ணுச்சுன்னு சொல்லல.

இந்த டிராஃபிக் இப்போதைக்கு நகராது. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கறீங்களா? வீட்ல சொல்ல முடியாது, தெருவுல சொல்லவே முடியாது. உங்களுக்கு நான் யாரோ, எனக்கு நீங்க யாரோ. நெஞ்சுல கல்லு மாதிரி உக்காந்திருக்கு அக்கா. சோறு எறங்கி மூணு நாளாச்சு.

இந்த மீனு நவீனாவோடது. பன்னண்டு வயசு. என் பொண்ணுதான். என் வீட்டுக்காரரோட மொத சம்சாரத்துப் பொண்ணு. அவங்க தவறி அஞ்சு வருஷம் ஆவுது. நான் திண்டிவனத்துல இருந்து இங்க வாக்கப்பட்டு வந்து ஒண்ணற வருஷம். முப்பத்தெட்டு வயசுல கல்யாணம். என்னை சித்தின்னுதான் கூப்புடுவா.

சித்தின்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். அம்மாவோட தங்கச்சியா இருந்தா அது வேற. இந்த மாதிரி வந்தவள சித்தின்னு சொன்னாலே கேக்குறவங்க மனசுல ஒரு மூஞ்சி வந்துரும். நான் வந்து எறங்குன மொத நாளே எதிர் வீட்டு ரமணியம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'தாயில்லாப் புள்ள, பாத்துக்கோம்மா'ன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா அன்னைக்குப் புடிச்ச பயம் அக்கா, இன்னும் எறங்கல. ஒரு தடவ அவ சைக்கிள்ல இருந்து விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டு வந்தா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? மருந்து போடறதுக்கு முன்னாடி ரமணியம்மா வீட்டுக்குத்தான் கூட்டிட்டு ஓடுனேன். 'பாருங்க, சைக்கிள்ல விழுந்துட்டா, சைக்கிள்லதான் விழுந்தா'ன்னு. புள்ளைக்கு ரத்தம் ஒழுவுது, நான் சாட்சி சேக்குறேன்.

சிரிக்காதீங்க அக்கா. நீங்க என் எடத்துல இருந்து பாக்கணும்.

பொறந்த நாளுக்கு அவங்கப்பா தொட்டியும் மேஜரும் வாங்கித் தந்தாரு. இவ போன்ல பாத்துட்டு, கூட எறா விடலாம், அது பாசியத் தின்னு தொட்டியச் சுத்தமா வெச்சுக்கும்னா. எனக்கு எறான்னா தொக்குதான் தெரியும். அதையே வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒரு பார்வ பாத்தா பாருங்க! அன்னையில இருந்து எங்க வீட்ல எறா சமைக்கறதே இல்ல. ஏன்னு அவரு கேட்டா, வெல ஜாஸ்தின்னு மழுப்பிடுவேன்.

மொத தடவ அஞ்சு வாங்கியாந்து, கவரோட கவுத்துட்டா. ஒளியறதுக்கு ஒரு எல கூட இல்ல தொட்டியில. ரெண்டே நாள்ல அஞ்சும் காலி. கடசி ஒண்ண அவன் தொரத்தித் தொரத்திப் புடிச்சத நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். அதுல பொய் இல்ல, அந்த அஞ்சும் இவன் தின்னதுதான். ஒரே அழுக. தப்பு எங்க மேலதான்னு கடக்காரத் தம்பி சொல்லுச்சு. மொதல்ல பாசிச் செடி வெய்யுங்க, மண்சட்டிய ஒருக்களிச்சுப் போடுங்க, எறா பழகட்டும், அப்புறமா மீன விடுங்க, எடம் புதுசா இருந்தா அதுவும் அடங்கி இருக்கும்னு.

ரெண்டாவது தடவ அப்படியே பண்ணோம். மேஜர பத்து நாள் ஊறுகா ஜாடிக்கு மாத்திட்டு, பன்னண்டு எறா விட்டோம். கட்டெறும்பவிடக் கொஞ்சம் பெருசு, நல்ல செவப்பு. அப்புறம் மேஜர விட்டோம். நெசமாவே அவன் ஒண்ணும் பண்ணல அக்கா. கிட்டப் போய்ப் பாப்பான். அதுங்க பாசிக்குள்ள போயிரும். இவனும் போயிருவான்.

எனக்குத்தான் நிம்மதி இல்ல. ஒரு நாள் காலையில கோலம் போட்டுட்டு வந்து பாத்தா, ஒண்ணு வெள்ளையா மல்லாந்து கெடக்கு. அவ எழுந்திரிக்கறதுக்குள்ள கரண்டியால எடுத்து ரோஜாத் தொட்டியில பொதச்சுட்டேன். ஸ்கூல் விட்டு வந்தவ எண்ணுறா, பன்னண்டு இருக்குங்கறா! ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. அதையும் பொதச்சேன். அப்பவும் பன்னண்டு. எனக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. தாங்க முடியாம சொல்லிட்டேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. அது சாவலையாம், வளர்றப்ப மேல் தோலு அப்படியே சட்டையாட்டம் கழண்டு வருமாம். 'சித்தி, நீங்க சட்டையப் போய் அடக்கம் பண்ணிருக்கீங்க'ன்னு கட்டில்ல உருண்டா. என் தோள்மேல சாஞ்சுக்கிட்டு சிரிச்சா. எனக்கோ ஒரே கவல, இதப் போய் அவங்கம்மா கூடப் பொறந்த மாமா வீட்ல சொல்லிச் சிரிப்பாளேன்னு.

அப்புறம் ஒண்ணு முட்டை வெச்சுது. வயித்துக்கு அடியில கொத்தா, கசகசா மாதிரி. 'சித்தி, ஓடி வாங்க'ன்னு ஹால்ல இருந்து கத்துறா. நான் யாருக்கு என்ன ஆச்சோன்னு தோசையத் தீய விட்டுட்டு ஓடுனேன். அன்னைக்கு யாரோ ஃப்ரெண்டுகிட்ட போன்ல பேசிட்டு இருந்தா, 'நாங்க எறா வளக்குறோம், எங்களோடது முட்டை வெச்சிருக்கு'ன்னு. நாங்கன்னா அவளும் அவங்கப்பாவும் போல. அவரு தொட்டிப் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. இருந்தாலும் அப்பாவ விட்டுக் குடுக்க மாட்டா.

காலாண்டு லீவு வந்துச்சு. குடியாத்தத்துல அவங்க மாமா வீட்டுக்கு ஒம்பது நாள். போறப்ப என்கிட்ட வந்து, 'அப்பாகிட்ட விடாதீங்க சித்தி, நீங்களே பாத்துக்கோங்க'ன்னா. ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டா. எவ்ளோ தீனி, எப்ப லைட்டு, தண்ணி கொறஞ்சா நீல பக்கெட்ல புடிச்சு வெச்ச தண்ணிய ஊத்தணும். அத நாலு தடவ படிச்சேன். பரீட்ச வெக்குறான்னு புரிஞ்சுது. இவ எப்படிப் பாத்துக்கறான்னு பாக்கத்தானே என்கிட்ட விட்டுட்டுப் போறா?

ரெண்டாம் நாளே அவரு அந்த பக்கெட் தண்ணிய எடுத்து வண்டியக் கழுவிட்டாரு. தொட்டியில தண்ணி ரெண்டு வெரல் கொறஞ்சிருக்கு. கொழாத் தண்ணிய மோந்து பாத்தா பிளீச்சிங் பவுடர் நாத்தம். போர் தண்ணி ஊத்துனா பாத்திரத்துலயே வெள்ளையாப் படியும். நான் எத ஊத்துவேன் சொல்லுங்க? எங்க வீட்ல ஒரு செப்புக் கொடம் இருக்கு. கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. தெனமும் புளி போட்டுத் தேச்சு, மூஞ்சி தெரியற மாதிரி வெச்சிருப்பேன். காய்ச்சி ஆறுன தண்ணிய அதுல ஊத்தி வெச்சு மறுநா குடிப்போம். செம்புல வெச்ச தண்ணி ஒடம்புக்கு அவ்ளோ நல்லதுன்னுதானே நம்ம வளந்தோம்? வீட்லயே நல்ல தண்ணி அதுதான். அதத்தான் ஊத்துனேன். ஒரு சொம்பு. பரீட்சையில தோத்துடக் கூடாதுன்னு, மறுநா தொட்டித் தண்ணியில ஒரு பங்க எடுத்துட்டு செப்புக் கொடத்துத் தண்ணியா ரொப்புனேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு அக்கா.

அதுக்கு மறுநா காலையில ஒண்ணு கெடந்துச்சு. சட்டைதான்னு நெனச்சு எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவ ஏமாற மாட்டேன்னு. மத்தியானம் இன்னும் ரெண்டு. கரண்டியில எடுத்துப் பாத்தா, சட்டை லேசா இருக்கும், இது கனமா இருக்கு. உள்ள சதை இருக்கு. வெந்த எறா மாதிரி ரோஸ் கலர்ல.

தண்ணி அசுத்தமாயிடுச்சு போலன்னு பதறி, என்ன பண்ணேன்? இன்னும் ரெண்டு சொம்பு அதே தண்ணிய எடுத்து ஊத்துனேன். நானே, என் கையால. அஞ்சு நாள்ல ஏழு போச்சு. முட்டை வெச்சிருந்ததும் போச்சு.

இதே பஸ்ல கொளத்தூருக்கு ஓடுனேன். அதே மாதிரி ஏழு எறா குடுப்பா, புள்ள வர்றதுக்குள்ள விட்டுரணும்னேன். கடக்காரத் தம்பி ஏன் செத்துச்சுன்னு கேட்டுச்சு. மீன் கடிக்குதா? இல்ல. மருந்து அடிச்சீங்களா? இல்ல. என்ன தண்ணி ஊத்துறீங்க? நான் பெருமையா சொல்றேன், செப்புக் கொடத்துத் தண்ணி தம்பின்னு. தலையில கை வெச்சுக்கிட்டுச்சு. 'அக்கா, நமக்கு அது நல்லது. எறாவுக்கு செம்பு ஆகவே ஆகாது. துளி போதும், செத்துரும். மீன் தாங்கும், எறா தாங்காது'ன்னுச்சு. மொதல்ல பழைய தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மாத்துங்க, புது எறா இப்ப விடாதீங்கன்னும் சொல்லுச்சு. சரி சரின்னு தலைய ஆட்டிட்டு, ஏழு வாங்கிக்கிட்டு வந்தேன். மறுநா அவ வர்றா அக்கா. தண்ணி மாத்த எனக்கு நாள் எங்க இருக்கு? விட்டுட்டேன். அஞ்சும் ஏழும் பன்னண்டு.

வந்ததும் வராததுமா பையக்கூடக் கீழ வெக்காம எண்ணுனா. பன்னண்டு. 'தேங்ஸ் சித்தி'ன்னு என் இடுப்பக் கட்டிக்கிட்டா. அப்புறம், 'முட்டை வெச்சிருந்தது எங்க?'ன்னா. பாசிக்குள்ள இருக்கும் கண்ணுன்னேன்.

மறுநாள்ல இருந்து மறுபடியும் சாவுது. தண்ணிய மாத்தணும்னு எனக்குத் தெரியும். மாத்துனா ஏன்னு கேப்பா. கேட்டா சொல்லணும். சொன்னா குடியாத்தத்துக்குப் போவும், ரமணியம்மாவுக்குப் போவும். சித்தி புள்ளையோட தொட்டியில என்னமோ ஊத்திட்டாளாம்னு ஒரு வார்த்த போதாதா? செம்பாவது கிம்பாவது, யாரு அக்கா நம்புவா? நான் வாயே தொறக்கல. நேத்து சாயங்காலம், செத்துக் கெடந்த ஒண்ண மேஜர் கொத்திக்கிட்டு இருந்தான். செத்தது கெடந்தா எந்த மீனும் கொத்தும். அவ பாத்துட்டா.

'இவன்தான்! இவன்தான் எல்லாத்தையும் கொன்னுருக்கான்!'னு ஒரே கத்து. சத்தம் கேட்டு ரமணியம்மா வந்தாங்க. எட்டிப் பாத்துட்டு, 'ஃபைட்டர்னு பேர்லயே இருக்கே, இது பண்ணாம வேற யாரு பண்ணிருப்பா? இதெல்லாம் நம்பி வெக்கலாமா?'ன்னாங்க. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு அக்கா. அம்மாடி, என்னைச் சொல்லல. ஆமாங்கன்னு நானும் தலைய ஆட்டிட்டேன். அவ அழுதுக்கிட்டே அவன ஜாடியில புடிச்சுப் போட்டா. காலையில கவர்ல கட்டி என் கையில குடுத்து, 'நீங்களே குடுத்துட்டு வந்துடுங்க சித்தி, எனக்கு இவன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல'ன்னா. சொல்லிட்டு, கவர அஞ்சு நிமிஷம் கையில இருந்து விடவே இல்ல.

இதான் நடந்தது. நான் பண்ணது தப்புதான். கடையில போய் குடுத்துட்டா முடிஞ்சுது, மீன்தானே, நாலு நாள்ல மறந்துருவா. அப்படித்தானே அக்கா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இருங்க, போன் அடிக்குது. அவதான். அய்யோ, எதுக்குக் கூப்புடுறா? இந்த போன்ல ஸ்பீக்கர் போட்டாதான் கேக்கும், தப்பா நெனச்சுக்காதீங்க.

"ஹலோ, சொல்லு கண்ணு."

"சித்தி, மேஜர குடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா, இன்னும் பஸ்லதான் இருக்கேன். பாடி மேம்பாலத்துகிட்ட டிராஃபிக்கு."

"இன்னும் ரெண்டு செத்துருச்சு சித்தி."

"என்னாது?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து மேஜர் தொட்டியிலயே இல்ல. அப்புறமும் ரெண்டு செத்துருக்கு. நாலுதான் இருக்கு. அப்ப மேஜர் பண்ணல. நான்தான் சித்தி. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஃபில்டர் பஞ்ச கொழாத் தண்ணியில கழுவி வெச்சேன். அப்படிக் கழுவக் கூடாதாம், இப்பதான் போன்ல பாத்தேன். நான்தான் எல்லாத்தையும் கொன்னுட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தி. யார்கிட்டயும் சொல்லாதீங்க. பயமா இருக்கு."

"அழாத. நவீனா, அழாதம்மா, இங்க பாரு... அடியே, நீ இல்லடி! நீ ஒண்ணும் பண்ணல. நான்தான். கேக்குதா? நான்தான் பண்ணேன். நீ ஊருக்குப் போனப்ப பக்கெட் தண்ணி காலியாயிடுச்சு, நான் செப்புக் கொடத்துத் தண்ணிய ஊத்திட்டேன். எறாவுக்கு செம்பு ஆகாதாம். எனக்குத் தெரியாதுடி, சத்தியமாத் தெரியாது. அப்புறம் கடையில சொன்னாங்க, அப்பவும் நான் உன்கிட்ட சொல்லல. ஏழு செத்துப் போயி, புதுசா ஏழு வாங்கி விட்டேன். முட்டை வெச்சிருந்தது அன்னைக்கே போயிடுச்சு. மேஜர் மேல பழி விழுந்தப்பவும் நான் சும்மா நின்னேன். நீ ஒண்ணும் பண்ணல. மொதல்ல அந்த நாலையும் காப்பாத்தணும். அந்தத் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு, நீ நேத்து பக்கெட்ல புடிச்சு வெச்சியே, அத ஊத்தணும். ஹலோ? நவீனா? இருக்கியா?"

"ம்."

"ஏதாச்சும் பேசு கண்ணு."

"சித்தி, எனக்கும் டெய்லி ஸ்கூல் பாட்டில்ல அந்தத் தண்ணியத்தானே ஊத்தித் தர்றீங்க?"

"அய்யோ, ஆமாம்மா. ஆனா நமக்கு அது ஒண்ணும் பண்ணாது, என் கண்ணாணை. வீட்லயே நல்ல தண்ணி அதுதான்னு..."

"தெரியும். அதுங்களுக்கு மட்டும் இனிமே வேற தண்ணி வெச்சுக்கலாம். மேஜர எடுத்துக்கிட்டு வந்துடுங்க. சீக்கிரம் வாங்க சித்தி, தண்ணி மாத்த எனக்குத் தனியா பயமா இருக்கு."

"வர்றேன். இதோ எறங்கிட்டேன்."

வெச்சுட்டா.

அக்கா, நீங்களும் கேட்டீங்கல்ல? 'அடியே'ன்னு சொல்லிட்டேனே. இதுவரைக்கும் அவள நான் டி போட்டதே இல்ல. கோவமா இருக்காளா? சீக்கிரம் வாங்கன்னாளே, அது வந்ததும் சண்ட போடறதுக்கா? எனக்கு ஒண்ணும் புரியல. ரமணியம்மாகிட்ட இந்நேரம் சொல்லிருப்பாளோ?

என்னக்கா, நான் கேக்குறேன், நீங்க மூக்க உறிஞ்சிக்கிட்டு கண்ணத் தொடைக்கறீங்க?

கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, எறங்கணும்! தெரியும் சார், கொளத்தூர் இன்னும் வரல. நான் வீட்டுக்குப் போறேன். அக்கா, படி உசரமா இருக்கு. இந்தப் பைய கொஞ்சம் புடிச்சுக்கோங்க, நான் கீழ எறங்கி வாங்கிக்கறேன். பாத்து, மேஜர் பத்திரம்.